மூன்று டிகிரி கிழக்கு

பிப்ரவரி 6

அன்புள்ள கல்லுளிமங்கனுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தாயிற்று. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் போன வாரம் பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? உன் அத்தானிடம் சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

போனில் பேசலாம்தான். நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது.

ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து ஒரு பழைய சூரியன் கோவிலுக்குப் போனோம். கூரை இல்லை, பாதித் தூண்கள் விழுந்து கிடக்கின்றன. கருவறையில் சாமியும் இல்லை. எந்தக் காலத்தில் யார் தூக்கிப் போனார்களோ, பீடம் மட்டும் நிற்கிறது. வருஷத்தில் இரண்டு முறை, இரண்டு மூன்று நாள், காலை வெயில் உள்ளே போகுமாம். அதைப் பார்க்கக் காவல்காரர் எங்களைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார். சூரியன் மேலே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு வெளிச்சம் முன்மண்டபத்தில் நுழைந்தது. ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, மூன்றாவது வாசலையும் தாண்டி, நேராகப் போய் அந்தப் பீடத்தின் மேல் உட்கார்ந்தது.

சாமியே இல்லையடா. விளக்கு இல்லை, பூ இல்லை, வா என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. இத்தனை நூறு வருஷமாக வெயில் மட்டும் நாள் மறக்காமல் வந்து, சும்மா கிடக்கிற கல்லைப் பார்த்துவிட்டுப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பையில் டேப் இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? மூன்று வாசலின் நடுவையும் பிடித்து அளந்தேன். ஐம்பது அடி நீளத்துக்கு ஒரு விரல் அகலம்கூடத் தப்பில்லை. நிலம் அளக்கிறவளாக இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டேன், எத்தனையோ கருவிகளை வாங்கி, தேய்த்து, மாற்றிவிட்டேன். அன்றைக்கு அதைக் கட்டினவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் தோன்றியது.

உன் கோவிலில் என்ன ஆயிற்று? பகலும் இரவும் சமமாக இருக்கிற நாளில் வெயில் சாமி மேல் விழ வேண்டும் என்றுதானே எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள்? செப்டம்பரில் விழுந்திருக்குமே. ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். சண்டை போட்டுப் போனவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாய் போல. போகட்டும். கடைசியில் நான் போட்டுக் கொடுத்த கிழக்குக் கோட்டின் மேல்தான் கட்டினாய் என்று உன் மனைவி சொன்னாள். அது போதும் எனக்கு.

கண் திறப்பு எப்போது? மற்றவர்கள் செய்த சிலைகளுக்குக் கையும் காலும் நகையும் செதுக்கியே முப்பது வருஷம் போனது உனக்கு. முழுசாக உன்னுடையது என்று ஒரு சாமி இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்கு நீ உளி பிடித்துக் கருவிழி வைக்கிறபோது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கூப்பிடாவிட்டாலும் வருவேன். தேதி மட்டும் எழுது.

அக்கா

---

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே இவள், "உங்க அக்காதானே? உறையிலகூட கோணல் இல்லாம ஒட்டியிருக்காங்க பாருங்க" என்றாள். நான் பட்டறையில் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெறும் பீடத்துக்கு வெயில் வந்த இடத்தை மூன்று தடவை படித்தேன்.

இங்கே எல்லாரும் நலம். சிலையைப் பற்றிக் கேட்டாயே. நீ பார்த்தபோது வெறும் கல்லாக இருந்தது. இப்போது ஆள் வந்துவிட்டார். ஐந்தடி உயரம், இரண்டு கையிலும் தோள்வரை வருகிற தாமரை. கீழே ஒற்றைச் சக்கரத் தேர், ஏழு குதிரை. ஆறு குதிரை சொன்ன பேச்சைக் கேட்டன. ஏழாவது குதிரைக்குக் காது வைக்கிற இடத்தில் கல்லில் ஒரு கறுப்பு ரேகை ஓடியது. தட்டினால் தெறித்துவிடும். அதனால் அது மட்டும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடுகிறது. பார்க்கிறவர்கள், "அடடா, என்ன வேகம்" என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தவன் தேரோட்டி அருணன்தான். அம்மா பொறுமை இல்லாமல் முட்டையை உடைத்துப் பார்த்ததால் இடுப்புக்குக் கீழே வளராமல் பிறந்தவன். உலகத்துக்கே முதல் வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டு வருகிற வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கதையை யார் யோசித்தார்களோ, அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவனைச் செதுக்க இருபது நாள் ஆனது. கடிவாளத்தைப் பிடித்திருக்கிற விரல்களைப் பார்த்தால் நீயே சொல்வாய்.

அப்புறம் எங்கள் தொழிலின் மூத்தவர் விசுவகர்மா இருக்கிறாரே, அவர் மகளைத்தான் சூரியனுக்குக் கொடுத்தார். அவள் புருஷனுடைய சூடு தாங்காமல் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் என்ன செய்தார்? மருமகனைப் பிடித்துக் கடைசல் பிடிக்கிற சக்கரத்தில் ஏற்றி எட்டில் ஒரு பங்கைச் சீவி எடுத்துவிட்டார். சூரியனையே கடைசல் பிடித்தவன் எங்கள் ஆள். மருமகனும் பேசாமல் சுற்றிக்கொண்டு நின்றாராம். இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை நிற்பான்?

வேறு விசேஷம் இல்லை. கண் திறப்புத் தேதி முடிவாகவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம். இங்கே தூசியும் வெயிலுமாக இருக்கிறது. உனக்கு ஒத்துக்கொள்ளாது. வெளிப்பிராகாரத்துக்குத் தரைக்கல் போட்டுப் போட்டு எனக்கே முதுகு கழன்றுவிட்டது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

பிப்ரவரி 20

டேய்,

சிலை செய்கிற சிற்பி எதற்காகத் தரைக்கல் போடுகிறான்?

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். குதிரைக் காதுக்கு ஆறு வரி. மாமனார் மருமகனுக்கு ஒரு பத்தி. படிக்க நன்றாகத்தான் இருந்தது, உன் அத்தானுக்கே படித்துக் காட்டினேன், சிரித்தார். ஆனால் நான் கேட்டது இரண்டே கேள்வி. வெயில் விழுந்ததா? கண் திறப்பு எப்போது? முதல் கேள்வியைத் தொடவே இல்லை. இரண்டாவதற்கு "தூசியாக இருக்கிறது" என்கிறாய். நான் என்ன பட்டு மெத்தையிலா நிலம் அளக்கிறேன்? முள்ளிலும் சேற்றிலும் நின்றவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாதாம்!

சின்ன வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். தப்பு செய்தால் அதிகமாகப் பேசுவாய். அடி வாங்கியிருந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவாய். இது எது?

கோபம் இன்னும் இருக்கிறதென்றால் அதையாவது எழுது. அன்றைக்கு நான் சிரித்தது உனக்கு வலித்திருக்கும். தெரியும். நீ தரையைச் சமமாக்கி, வட்டம் போட்டு, நடுவில் முளைக்குச்சியை நட்டு, காலை நிழல் வட்டத்தைத் தொட்ட இடத்தையும் மாலை நிழல் தொட்ட இடத்தையும் புள்ளி வைத்து, நூல் பிடித்துக் கிழக்கைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். நான் கருவியோடு வந்து இறங்கினேன். "குச்சிய நட்டு சூரியனப் பிடிக்கப் போறியா?" என்றேன். உன் ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ பதிலுக்கு, "இது ஒண்ணும் வீட்டு மனை இல்ல, வேலை முடிஞ்சா கிளம்பு" என்றாய். கிளம்பிவிட்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு கேள்வி. இரண்டு பதில். குதிரை வேண்டாம்.

அக்கா

---

மார்ச் 1

அக்கா,

விழவில்லை.

செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி முப்பது பேர் வந்திருந்தார்கள். கோவில் கமிட்டித் தலைவர் மருந்துக்கடையைத் திறக்காமல் குடும்பத்தோடு வந்திருந்தார். குருக்கள் விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு வந்து, சூரியனுக்கு விடுகிற தண்ணீரைச் செம்பில் வைத்துக்கொண்டு நின்றார். சிலை அப்போதே உள்ளே நின்றுவிட்டது, அன்றைக்குத் திரையை விலக்கியிருந்தோம். கண் ஒன்றுதான் பாக்கி. வெயில் வந்தது. முதல் வாசலில் நடுவாக நுழைந்தது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். இரண்டாவது வாசலில் வடக்கே ஒதுங்க ஆரம்பித்தது. கருவறைக்கு வருகிறபோது இரண்டடி தள்ளி, வடக்குப் பக்கத்துக் காவல் சிலையின் தோளில் போய் விழுந்தது. சாமி இருட்டிலேயே நின்றார்.

ஒரு குழந்தை மட்டும், "வெளிச்சம் ஏன் அந்த மாமா மேல விழுது?" என்றது.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க இது?" என்றார். என் தப்பு என்றேன். நூல் பிடித்ததில் பிசகிவிட்டது என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மூணு வருஷமா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கமிட்டி கூடியது. கோணலாக வைத்தவன் கையால் கண் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பெரிய சிற்பி வருகிறார். நல்ல கைக்காரர், அவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன். மார்ச் இருபத்திரண்டில் அவர் திறப்பார்.

என்னை ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. தரைக்கல் போடச் சொன்னார்கள். போடுகிறேன். தரையும் கோவில்தானே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லி என்ன ஆகப் போகிறது? கல் நின்றுவிட்டது. நீ வருத்தப்படாதே. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேண்டுமானால் இவளைக் கேட்டுப் பார்.

தம்பி

---

மார்ச் 5

தம்பி,

நீ நூல் பிடித்ததில் பிசகவில்லை.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. "வடக்கே ஒதுங்கியது, இரண்டடி" என்ற இடத்தில் எனக்குக் கண் நின்றுவிட்டது. முப்பது வருஷம் கல்லில் நூல் பிடித்தவன் நாற்பது அடியில் இரண்டடி பிசக மாட்டான். நான்கு விரல் என்றால் நம்பியிருப்பேன். ஆபீஸுக்குப் போய் அலமாரியைத் திறந்து, அந்த மாதத்து அளவுக் குறிப்பேட்டை எடுத்தேன்.

காந்த முள் காட்டுகிற வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு. உங்கள் ஊரில் முள் ஒன்றரை டிகிரி மேற்கே சாய்ந்து நிற்கும். கிழக்கைக் கண்டுபிடிக்க அந்த ஒன்றரையைக் கூட்ட வேண்டும். நான் கழித்திருக்கிறேன். ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. உன் கோவில் மூன்று டிகிரி வடக்கே திரும்பி நிற்கிறது. படிக்க வந்த முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அதில் தப்பியிருக்கிறேன். உன்னோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அது மட்டுமில்லை. அதே பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு கேலி: "தம்பியின் குச்சி. என் கோட்டுக்கும் அதற்கும் மூன்று டிகிரி வித்தியாசம். பாவம்." பாவம் என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். உன் குச்சி அந்த நிமிஷமே சரியாகச் சொல்லியிருக்கிறது. பாவம் யார் என்று இப்போது பார்.

நேற்றே உங்கள் தலைவருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் படியெடுத்து அதோடு வைத்திருக்கிறேன், ஓரத்துக் கேலியோடு. அந்த வாரம் நான் அளந்த மற்ற இரண்டு இடங்களையும் இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். அவை சரியாக இருக்கின்றன. சரியாக இருந்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இல்லை. உலகத்தில் ஒரே ஒரு தப்பு செய்ய வேண்டும் என்றால் அதை உன் கருவறையிலா செய்ய வேண்டும்?

நீ ஏன் உன் தப்பு என்று சொன்னாய்? நூலும் குச்சியும் உன் கையில் இருந்தன, அக்கா கோடுதான் தப்பு என்று காட்டியிருக்கலாமே. ஐந்து மாதமாகத் தரைக்கல் போடுகிறாய், எனக்காக. நான் இங்கே உட்கார்ந்து, தம்பி ஒரு வரி எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா

---

மார்ச் 11

அக்கா,

அவருக்கு ஏன் எழுதினாய் என்று கேட்கலாம் என்று பேனாவைத் திறந்தேன், அதற்குள் தலைவரே உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். உட்காரக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. கல்லில் உட்கார்ந்தார். "உங்க அக்கா மாதிரி ஒருத்தங்க எழுதின கடிதத்த நான் வாழ்க்கையில படிச்சதில்லங்க. தப்ப ஒத்துக்கிறவங்க உண்டு. அத படம் போட்டு, டிகிரி போட்டு, கீழ கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிறவங்க யாரு?" என்றார். ஓரத்துக் கேலியைப் படித்துவிட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கமிட்டியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். கண் திறக்கிற வேலை திரும்ப எனக்கே. பெரிய சிற்பி வருவார், பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான். இவள் அன்றைக்கு அழுததைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

இதை உனக்குச் சந்தோஷமாக எழுத வேண்டும். முடியவில்லை.

நீ என்னைத் தியாகி ஆக்கிவிட்டாய். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்த தம்பி என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். உன்னிடம் மட்டுமாவது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நீ போன பிறகு என் கோட்டையும் உன் கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் குச்சி தப்பாது என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து பார்த்த நிழல் அது. மூன்று நாளும் ஒரே புள்ளி. ஆட்கள், "எந்தக் கோடுங்க?" என்று கேட்டார்கள். ஆத்திரம் கண்ணை மறைத்தது. "பெரிய படிப்பு படிச்சவங்க கோடு இருக்கே, அதுலயே போடுங்கடா" என்றேன். குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். வெயில் தப்பி விழட்டும், அன்றைக்கு ஊர் முன்னால் நீ நிற்க வேண்டும், நான் சிரிக்க வேண்டும். அதுதான் என் மனதில் இருந்தது.

மறுநாள் காலையில் ஆத்திரம் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே ஆட்கள் வந்து அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அக்கா சரியாகத்தான் சொல்லியிருப்பாள், கருவி பொய் சொல்லுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே மேலே கல் ஏற்றினேன். சாமியை எவ்வளவு அழகாகச் செய்ய முடியுமோ அவ்வளவு அழகாகச் செய்தேன். அப்படிச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போல.

உன்னுடையது கணக்கில் வந்த பிசகு. நான் தெரிந்தே செய்தேன். இதைத் தலைவரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசிக்கிறேன். சொன்னால் உளி போய்விடும். நீ என்ன சொல்கிறாய்?

தம்பி

---

மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். உன் அத்தான் பயந்துபோய்ச் சமையல் அவரே செய்தார். நான் ஊர் முன்னால் நின்று தலைகுனிய வேண்டும் என்று ஒரு கருவறையையே திருப்பி வைத்தாயா? உனக்கு அக்கா மேல் அவ்வளவு கோபமா? சாமி என்ன பாவம் செய்தார்?

இரண்டாவது நாள் இன்னொன்று தோன்றியது. உன் மூன்று நாள் உழைப்பைப் பார்த்து உன் ஆட்கள் முன்னால் நான் சிரித்தேன். நீ பிடுங்கி எறிந்தது குச்சியை. எறிய வைத்தது நான். ஆக, இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது. போதும். என்னிடம் சொல்லிவிட்டாய், நான் கேட்டுக்கொண்டேன், இதோடு முடிந்தது.

தலைவரிடம் ஒன்றும் சொல்லாதே. கேட்கிறாயா? உளி உன் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திற. முப்பது வருஷம் காத்திருந்தாய். இனி இப்படி ஒரு கல்லும் இப்படி ஒரு கோவிலும் உனக்கு வருமோ வராதோ.

இப்போது இதைக் கவனமாகப் படி. சூரியன் ஒரே இடத்தில் எழுவதில்லை. இந்த மாதத்தில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து எழும். மூன்று டிகிரி நகர ஏறக்குறைய எட்டு நாள் பிடிக்கும். அதாவது மார்ச் இருபத்தொன்றில் உங்கள் சாமிக்கு வெயில் கிடையாது. இருபத்தொன்பதில் உண்டு. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். இந்தத் தடவை கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்து, ஆபீஸில் இருக்கிற சின்னப் பெண்ணிடம் கொடுத்து மறுபடி போடச் சொன்னேன். அவளுக்கும் அதே தேதிதான் வந்தது.

பார்க்கப் போனால், நான் பார்த்துவிட்டு வந்த அந்த இடிந்த கோவிலிலும் வெயில் விழுகிற தேதிக்கு ஒரு காரணமும் யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ரகசியம் என்கிறார் காவல்காரர். கட்டினவர்களில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்களோ என்னவோ. அவர்கள் கோட்டை நான் அளந்தேன், நேராகத்தான் இருந்தது. அவர்கள் எந்தக் கிழக்கை நினைத்தார்களோ, அது நமக்குத் தெரியாது.

இருபத்திரண்டாம் தேதி வர வேண்டும் என்று உயிராக இருக்கிறேன். அத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன் இருபதாம் தேதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நான்தான் இருக்க வேண்டும். திட்டாதே. கண் திறந்ததும் எழுது. ஒன்று விடாமல் எழுது.

அக்கா

---

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நடக்கிறாரா? இவள் தினமும் கேட்கிறாள்.

நீ சொன்னபடி நான் நடக்கவில்லை. திட்டுவதானால் பிறகு திட்டிக்கொள். இருபதாம் தேதி திரையை விலக்கிவிட்டுச் சாமி முன்னால் உட்கார்ந்தேன். கருவிழிக்குக் கோடு போட வேண்டும். மயிர் அளவு கோடு. மூன்று தடவை போட்டு மூன்று தடவை அழித்தேன். முப்பது வருஷத்தில் நான் ஒரு கோட்டை அழித்துப் போட்டதில்லை. எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

அவர் யாருக்கோ மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "தெரிஞ்சே தப்பான கோட்டுல போட்டீங்களா?" என்றார். "ஒரு சாயங்காலம், தெரிஞ்சே" என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சொல்ல வேண்டாம் என்று சொன்னாள் என்றும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு, "எனக்கு மனசு கேக்கலீங்க. கண்ண அந்தப் பெரிய சிற்பியே திறக்கட்டும்" என்றார். சரி என்றேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இருபத்திரண்டாம் தேதி அந்தப் பெரிய சிற்பி உள்ளே வந்து, சாமியைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றார். அருணன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "புருவத்துக்குக் கீழ இவ்வளவு இடம் விட்டிருக்கீங்களே, கண்ண எப்படி நினைச்சு விட்டீங்க?" என்று என்னிடம் கேட்டார். பாதி இறங்கிய பார்வை என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. "இவரு கிழக்க பாத்து நிக்கிறாரு. எதிர்ல வர்றது இவரேதான். தன்னையே பாக்குறவன் எதுக்குக் கண்ண இறக்கணும்?" என்றார். முழுக் கண்ணாகத் திறந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணுக்கு நான்கு தட்டு, இடது கண்ணுக்கு நான்கு தட்டு. அக்கா, நான் திறந்திருந்தால் இப்படி வந்திருக்காது. பொறாமை பாதி, சந்தோஷம் பாதி. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நேற்று இருபத்தொன்பது. ஊரைக் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுத் தப்பினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? குருக்கள், தலைவர், நான், இவள், தரைக்கல் போடுகிற நான்கு பேர், தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிற ஒரு அம்மா. சூரியன் எழுந்தது. முதல் வாசலில் நடு. நான் மூச்சு விடவில்லை. இரண்டாவது வாசலில் நடு. இவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. மூன்றாவது வாசலைத் தாண்டி, முதலில் கிரீடத்தில் பட்டது. அங்கிருந்து முகத்துக்கு இறங்கியது.

அந்தக் கண்ணில் வெயில் பட்டதை எனக்கு எழுதத் தெரியவில்லை. கறுப்புக் கல் என்பதே மறந்துபோனது. முகம், மார்பு, இரண்டு தாமரை, தேர், கடைசியில் குதிரைகளின் கால். ஒன்பது நிமிஷம். நான் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் தொட்ட கல் அது. நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். குருக்கள் செம்புத் தண்ணீரை விட மறந்து அப்படியே நின்றார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டு சண்டையால சாமி எட்டு நாள் லேட்டுங்க" என்றார். இனி வருஷா வருஷம் இந்தத் தேதிதான் என்று கமிட்டியில் சொல்லப் போகிறாராம்.

எல்லாரும் வெளியே வந்த பிறகு அந்த அம்மா என்னிடம் வந்தாள். என் சட்டையெல்லாம் கல்தூசியாக இருந்ததால் ஆள் யாரென்று ஊகித்திருப்பாள். "இது யார் செஞ்சதுப்பா?" என்று கேட்டாள்.

"சிலை நான் செஞ்சேம்மா. கண்ணு இன்னொருத்தர் திறந்தார். வெளிச்சம் எங்க அக்கா" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

தம்பி